கடைசிக்கு முந்தைய இடம்

ஐஸ்வால் எஃப்சி என்று யாராவது வாயெடுத்தால் மூன்றாவது வாக்கியத்துக்குள் ‘அதிசயம்’ வந்துவிடுகிறது. ஐந்தாவது வாக்கியத்தில் லெஸ்டர் சிட்டி. அப்புறம் மலை, மேகம், சின்ன மாநிலம், பெரிய கனவு. பின்னணியில் ஒரு கிடார் இசையைச் சேர்த்துவிட்டால் போதும், கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்கும் வந்திருக்கிறது. இந்தக் கதையோடு எனக்கு ஒரு தகராறு இருக்கிறது என்பதைச் சொல்ல இத்தனை வருஷம் ஆனதற்கு அதுதான் காரணம்.

எல்லோருக்கும் தெரிந்த பகுதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2017 ஏப்ரல் 30, ஷில்லாங். ஐ-லீக்கின் கடைசி நாள். ஐஸ்வாலுக்கு ஒரு டிரா போதும். ஒன்பதாவது நிமிடத்திலேயே ஷில்லாங் லஜோங்கின் டிபாண்டா கோல் போட்டுவிட்டார். அதே நேரம் கொல்கத்தாவில் மோகன் பகான், சென்னை சிட்டியோடு ஆடிக்கொண்டிருந்தது. அங்கே பகான் ஜெயித்து, இங்கே ஐஸ்வால் தோற்றால் கோப்பை கொல்கத்தாவுக்குப் போய்விடும். 67-வது நிமிடத்தில் வில்லியம் லால்னுன்ஃபெலா கோல் போட்டு சமன் செய்தார். 1-1. பகான் 2-1 என்று ஜெயித்தும் பிரயோஜனமில்லை. ஐஸ்வாலுக்கு 37 புள்ளி, பகானுக்கு 36. வடகிழக்கிலிருந்து தேசிய லீக்கை வென்ற முதல் அணி.

முந்தைய பருவத்தில் இதே அணி லீக்கிலிருந்து கீழே இறக்கப்பட்டது என்பதும் கதையில் வரும். எப்படி வரும்? படத்தில் ஹீரோ இடைவேளைக்கு முன்னால் அடி வாங்குவது மாதிரி வரும். அடி வாங்கினால்தானே அப்புறம் எழுந்திருப்பதில் ஒரு கிக். அடிச்சது யாரு, எந்தச் சட்டப்படி அடிச்சான்னு ஒருத்தரும் கேக்கறதில்ல.

எனக்கு அந்த 2015-16 பருவம்தான் முக்கியம். கோப்பை வென்ற வருஷத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியாயிற்று. அதற்கு முந்தைய வருஷத்தைப் பற்றிப் பேசினால்தான் இந்தியக் கால்பந்தில் ஒரு சின்ன கிளப் என்றால் என்ன, அதற்கு என்ன மரியாதை என்பது தெரியும்.

மிசோரமின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் 11 லட்சம். நம் கோவை மாநகராட்சியில் இருக்கிற கூட்டம், கொஞ்சம் முன்பின்னாக, ஒரு மாநிலம் முழுக்க. அந்தச் சின்ன ஜனத்தொகையிலிருந்துதான் நாடு முழுக்க இருக்கிற கிளப்புகளுக்கு ஆட்டக்காரர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஷைலோ மால்சாம்ட்லுவாங்கா ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். சென்னையின் எஃப்சி இரண்டு முறை ஐஎஸ்எல் கோப்பை வென்றபோதும் அதில் ஆடிய ஜெஜே லால்பெக்லுவா மிசோரம்காரர்தான். 2012-இல் அங்கே மிசோரம் பிரீமியர் லீக் தொடங்கியது. 2014-இல் சந்தோஷ் டிராஃபி இறுதி ஆட்டத்தில் ரயில்வேஸை 3-0 என்று அடித்தார்கள். அதாவது ஆள் இருந்தது, ரசிகர் இருந்தது, உள்ளூர் லீக் இருந்தது. தேசிய லீக்கில் சொந்தமாக ஒரு கிளப்தான் இல்லை. ஆட்டக்காரனை ஏற்றுமதி செய். ஆட்டத்தை டிவியில் பார். அவ்வளவுதான்.

1984-இல் தொடங்கிய ஐஸ்வால் எஃப்சி, 2015-இல் ஐ-லீக்கின் இரண்டாம் டிவிஷனை வென்று மேலே வந்தது. மிசோரமிலிருந்து முதல் டிவிஷனுக்கு வந்த முதல் கிளப். யாரிடமும் விண்ணப்பம் போடவில்லை, ஏலத்தில் கலந்துகொள்ளவில்லை. ஆடினார்கள், ஜெயித்தார்கள், வந்தார்கள். உலகம் முழுக்க ஒரு கிளப் மேலே வருவதற்கு இருக்கிற ஒரே கௌரவமான வழி அது.

2016 ஜனவரியில் பருவம் தொடங்கியது. மொத்தம் ஒன்பது அணிகள். ஒவ்வொரு அணிக்கும் 16 ஆட்டங்கள். முதல் ஆட்டமே நடப்புச் சாம்பியன் மோகன் பகானோடு, தோல்வி. ஸ்பெயினிலிருந்து வந்த கோச் மானுவல் ரெடமெரோ ஃப்ரைலே பருவத்தின் நடுவிலேயே போய்விட்டார். மிச்சத்தை வங்காளத்தின் ஜஹர் தாஸ் எடுத்து நடத்தினார். முதல் முறை மேலே வருகிற கிளப்புக்கு எல்லா ஊரிலும் நடப்பது இங்கேயும் நடந்தது. கீழ் டிவிஷனில் கால் இடறினாலும் எழுந்து ஓடிவந்து பந்தைப் பிடித்துவிடலாம். மேலே இடறினால் எழுவதற்குள் கோல். கையில் இருப்பது சின்ன அணி, ஒருவருக்கு அடிபட்டால் அந்த இடத்துக்கு ஆளில்லை. வெளியூர் ஆட்டம் என்றால் லெங்புய் விமான நிலையத்துக்கு மலைப்பாதையில் இறங்கி, கொல்கத்தா வழியாக கோவாவுக்கோ மும்பைக்கோ போக வேண்டும். ஆடித் திரும்புவதற்குள் பாதி வாரம் போய்விடும்.

ஆனாலும் அது மோசமான அணி இல்லை. முவால்புய் மலைச்சரிவில் இருக்கிற ராஜீவ் காந்தி ஸ்டேடியத்துக்கு வந்தவர்களுக்கு அது தெரியும். ஏப்ரலில் அங்கே வந்த மோகன் பகான் 2-1 என்று தோற்றுப் போனது. அந்த வருஷம் பகானுக்குப் பட்டம் கைநழுவியதில் அந்தத் தோல்விக்கும் பங்கு உண்டு. பெங்களூரு எஃப்சி சாம்பியன் ஆனது. ஐஸ்வால் எட்டாவது இடத்தில் முடித்தது.

ஒன்பது அணியில் எட்டாவது. கடைசி இடம் புனேயின் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸுக்கு.

இப்போது ஒரு கேள்வி. கால்பந்தே பார்க்காதவர்கள் கூட பதில் சொல்லலாம். ஒன்பது அணி ஆடுகிற லீக்கில் ஒரு அணி கீழே இறங்க வேண்டும். யார் இறங்க வேண்டும்?

ஐஸ்வால் இறங்கியது. ஏனென்றால் டி.எஸ்.கே. சிவாஜியன்ஸ் ‘நேரடி நுழைவு’ அணி. ஒரு கட்டுமான நிறுவனம் பணம் கட்டி அந்த இடத்தை வாங்கியிருந்தது. அப்படிப் பணம் கட்டி வருகிறவர்களுக்கு ஆரம்ப வருஷங்களில் இறக்கம் கிடையாது என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விதி வைத்திருந்தது. புதிதாக வருகிறவர்கள், கொஞ்சம் காலூன்றட்டும், கற்றுக்கொள்ள அவகாசம் வேண்டாமா என்பது நியாயம். அந்த நியாயத்தை நான் மறுக்கவில்லை. அதே வருஷம் அதே லீக்குக்குப் புதிதாக வந்த இன்னொரு அணி இருந்ததே, அதற்கு அவகாசம் வேண்டாமா என்றுதான் கேட்கிறேன். இரண்டு அறிமுக அணிகள். ஒன்று ஆடி வந்தது, இன்னொன்று கட்டி வந்தது. கற்றுக்கொள்ளும் உரிமை கட்டி வந்தவனுக்கு மட்டும்.

அந்த வருஷத்துப் புள்ளிப்பட்டியலை இணையத்தில் எடுத்துப் பாருங்கள். எட்டாவது வரிசை சிவப்பில் இருக்கும். ஒன்பதாவது வரிசையில் ஒன்றும் இருக்காது. இந்தியக் கால்பந்தைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதினாலும் அந்த ஒரு சிவப்பு வரிசை சொல்வதைச் சொல்ல முடியாது என்று நினைக்கிறேன்.

இது ஏதோ ஒரு வருஷக் கோளாறு என்றும் நினைத்துவிட வேண்டாம். அதற்கு முந்தைய பருவத்திலும் இதே கதை. பாரத் எஃப்சி என்று புனேயிலிருந்து ஒரு நேரடி நுழைவு அணி வந்தது, விலக்கு அவர்களுக்கு. இறங்கியது கோவாவின் டெம்போ. ஐந்து முறை தேசிய சாம்பியன். பாரத் எஃப்சி அந்த ஒரே பருவத்தோடு கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது.

சிவாஜியன்ஸ்? இன்னும் ஒரு பருவம் ஆடினார்கள். 2017-இல் அவர்களும் விலகிவிட்டார்கள். நல்ல அகாடமி வைத்திருந்தார்கள், லிவர்பூலோடு ஒப்பந்தமெல்லாம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தாய் நிறுவனம் தடுமாறியதும் கிளப் இல்லை. எந்த அணி ‘நிலையானது’ என்று விதியை வளைத்துக் காப்பாற்றினார்களோ அதன் ஆயுள் முதல் டிவிஷனில் இரண்டே பருவம். எந்த அணியை நிலையற்றது மாதிரி தூக்கிப் போட்டார்களோ அது அதற்குப் பிறகும் ஆடிக்கொண்டிருக்கிறது. மஹிந்திரா யுனைடெட் 2010-இல் மூடப்பட்டது, ஜேசிடி 2011-இல். கம்பெனி நடத்துகிற கிளப் கம்பெனிக்குத் தோன்றுகிறவரைக்கும்தான் என்பது அப்போதே தெரிந்த விஷயம். தெரிந்தும் திரும்பத் திரும்ப அதே வாசலில் போய் நின்றார்கள்.

அந்தப் பருவத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. லீக் முடிந்து ஃபெடரேஷன் கோப்பை. அதில் லீக்கின் முதல் எட்டு அணிகள் ஆடின. அதாவது எட்டாவதாக வந்த ஐஸ்வாலுக்குக் கோப்பையில் இடம் உண்டு, லீக்கில் இடம் இல்லை. ஒன்பதாவதாக வந்த சிவாஜியன்ஸுக்கு லீக்கில் இடம் உண்டு, கோப்பையில் இல்லை. யாராவது புனைகதையில் இப்படி எழுதியிருந்தால் ‘ரொம்ப ஓவரா இருக்கு, நம்பகத்தன்மை இல்லை’ என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

கீழே இறக்கப்பட்ட அந்த அணி கோப்பையில் என்ன செய்தது தெரியுமா? காலிறுதியில் பெங்களூரு எஃப்சியை வெளியேற்றியது. சில வாரம் முன்புதான் லீக்கை வென்ற பெங்களூரு. அரையிறுதியில் ஸ்போர்ட்டிங் கோவா. மே 21, குவாஹாட்டியில் இறுதி ஆட்டம், மோகன் பகானோடு. 5-0 என்று தோற்றார்கள். சரி, தோற்றார்கள். அந்த ஐந்து கோலையும் மறைக்க நான் விரும்பவில்லை. முதல் டிவிஷனில் ஆடத் தகுதியில்லை என்று அனுப்பப்பட்ட அணி நாட்டின் இரண்டாவது பெரிய போட்டியில் கடைசி இரண்டு பேரில் ஒருவராக நின்றது என்பதை மட்டும் பக்கத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் இறக்கத்துக்கு எதிரி இல்லை. இது தெளிவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ‘சின்ன கிளப்னா பாவம் பாக்கணுமா’ என்று கிளம்பிவிடுவார்கள். இங்கிலாந்தில் பார்ன்ஸ்லி என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1887-இல் தொடங்கிய கிளப். 110 வருஷம் கழித்து 1997-98-இல்தான் முதல் முறையாக முதல் டிவிஷனுக்கு வந்தது. செல்சியோடு சொந்த மண்ணில் 6-0 தோல்வி. மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 7-0. மொத்தம் 82 கோல் வாங்கியது. நடுவில் ஆன்ஃபீல்டுக்குப் போய் லிவர்பூலை 1-0 என்று அடித்துவிட்டும் வந்தது. எஃப்.ஏ. கோப்பையில் அதே யுனைடெட்டை 3-2 என்று வெளியேற்றியது. கடைசியில் 35 புள்ளி, 19-வது இடம், இறக்கம். அதற்குக் கீழே 20-வதாக வந்த கிரிஸ்டல் பேலஸும் இறங்கியது, மேலே 18-வதாக வந்த போல்டனும் இறங்கியது. மூன்றுமே அந்த வருஷம் மேலே வந்த அணிகள்தான். கொடுமையான பருவம். ஆனால் அது ஒரு பருவம். தோற்றவன் இறங்கினான். தன்னைவிடக் கீழே வந்தவன் பணம் கட்டியதால் மேலே நிற்க, தான் இறங்குகிற அவமானம் பார்ன்ஸ்லிக்கு நேரவில்லை. தோல்வியை மரியாதையாகத் தோற்க முடிந்தது. ஐஸ்வாலிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது அதுதான்.

நம் இலக்கிய வட்டாரத்தில் தோல்வியைக் கொண்டாடுவது ஒரு குலத்தொழில் மாதிரி. தோற்றவர்களைப் பற்றி எழுதினால் நல்ல எழுத்து, ஜெயித்தவர்களைப் பற்றி எழுதினால் விளம்பரம். அதனால் ஐஸ்வாலின் முதல் பருவத்தை ‘அழகான தோல்வி’ என்று யாராவது எழுதிவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம் உண்டு. அழகும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அது ஒரு விதிப் புத்தகத்தில் இருந்த ஓட்டை. ஓட்டையைப் போட்டவர்களுக்குப் பெயர் உண்டு, பதவி உண்டு, அலுவலகம் உண்டு.

அப்புறம் எப்படி அடுத்த பருவத்தில் ஐஸ்வால் முதல் டிவிஷனில் ஆடியது? இங்கேதான் ‘அதிசயம்’ கோஷ்டி ஒரு வரியில் தாவிப் போய்விடும். கூட்டமைப்புக்கு மனம் இளகித் திரும்ப அழைத்துக்கொண்டது என்பது போல ஒரு பாவனை. நடந்தது வேறு. 2016 மே மாதம் கூட்டமைப்பு ஒரு திட்டத்தை முன்வைத்தது. ஐஎஸ்எல் இனி நாட்டின் உச்ச லீக். ஐ-லீக் அதற்குக் கீழே ‘லீக் ஒன்’. இறக்கமும் ஏற்றமும் இல்லாத ஒரு லீக் மேலே உட்காரும், பல வருஷமாக ஆடிக்கொண்டிருந்த கிளப்புகள் கீழே போகும். கோவாவின் சல்காவ்கரும் ஸ்போர்ட்டிங்கும் ‘போங்கடா’ என்று ஐ-லீக்கிலிருந்து விலகின. இரண்டாம் டிவிஷனை வென்று அப்போதுதான் திரும்பி வந்திருந்த டெம்போவும் விலகியது. லீக்கில் ஆள் குறைந்தது. காலியான நாற்காலி ஒன்றில் ஐஸ்வாலை உட்கார வைத்தார்கள். கோவாக்காரர்களின் கோபத்தில் கிடைத்த இடம் அது. யாருடைய கருணையிலும் கிடைத்ததில்லை.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். மும்பை எஃப்சி ஏழு வருஷம் வைத்திருந்துவிட்டு அனுப்பிய காலித் ஜமீல் கோச்சாக வந்தார். சிரியாவின் அல் அம்னா, லைபீரியாவின் ஆல்ஃபிரட் ஜார்யன், மும்பையிலிருந்து ஜயேஷ் ரானே, அஷுதோஷ் மேத்தா, கோவாவிலிருந்து கோல்கீப்பர் அல்பினோ கோம்ஸ். கூடவே உள்ளூர்ப் பையன்கள். செலவு சுமார் 2 கோடி என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. ஏப்ரல் 22 அன்று பகானுக்கு எதிராக 83-வது நிமிடத்தில் ஸோமிங்லியானா ரால்டே தலையால் முட்டிய பந்து. அந்த 1-0. எட்டு நாள் கழித்து ஷில்லாங். அந்தப் பருவத்தில் கடைசி இடத்துக்குப் போய் இறங்கியது எந்த அணி என்று ஊகியுங்கள். ஜமீலை அனுப்பிய மும்பை எஃப்சி. பிறகு அதுவும் மூடப்பட்டது. (இதெல்லாம் கதையில் வைத்தால் நம்ப மாட்டார்கள் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.)

லெஸ்டரோடு ஒப்பிடுகிறார்களே, அந்த ஒப்பீடு பட்டம் வென்ற நாள் வரைக்கும்தான் தாங்கும். லெஸ்டர் 2016-இல் ஜெயித்த பிறகு சாம்பியன்ஸ் லீக்கில் ஆடி, காலிறுதி வரை போனது. ‘நீ முதல் டிவிஷனில் இருக்கலாமா’ என்று யாரும் கேட்கவில்லை. ஐஸ்வால் ஜெயித்த அடுத்த மாதமே அதன் உரிமையாளர் ராபர்ட் ரொய்தே, எங்களை உச்ச லீக்கில் சேர்க்காவிட்டால் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்போம் என்று கூட்டமைப்புக்கு எழுத வேண்டியிருந்தது. யோசித்துப் பாருங்கள். தேசிய சாம்பியன். கையில் கோப்பை. உண்ணாவிரத மிரட்டல்.

சேர்க்கவில்லை. 2017-18-இல் ஐஎஸ்எல்லுக்கு இரண்டு புதிய அணிகள் வந்தன, பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும். ஒன்று ஜே.எஸ்.டபிள்யூ., இன்னொன்று டாடா ஸ்டீல். ஏல முறையில். சாம்பியன் அணி கலைந்தது. கோச்சும் அல் அம்னாவும் ஈஸ்ட் பெங்காலுக்கு. ரானேயும் மேத்தாவும் கொல்கத்தாவின் ஏடிகேவுக்கு. லால்ருவத்தாரா கேரளா பிளாஸ்டர்ஸுக்கு. யாரையும் குறை சொல்வதற்கில்லை, சம்பளம் அங்கேதான் இருந்தது. மறுபடியும் பழைய ஏற்றுமதி.

இதற்கு வழக்கமாக மூன்று பதில் வரும். முதலீட்டாளர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும், இறக்கம் இருந்தால் யார் பணம் போடுவான் என்பது ஒன்று. பாதுகாப்புக் கொடுத்த அணிகள் என்ன ஆயின என்று மேலே சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்ல வேண்டாம். ஐஸ்வாலுக்குச் சந்தை இல்லை என்பது இரண்டாவது. சந்தை என்றால் டிவி முன்னால் இருக்கிற தலைகளின் எண்ணிக்கை என்றால், ஆமாம், இல்லை. அப்படியென்றால் ஆடுவதற்கு எதற்கு வர வேண்டும், மக்கள்தொகைக் கணக்கை வைத்தே கோப்பையைக் கொடுத்துவிடலாமே. மூன்றாவது, லைசென்ஸ் விதிகள். ஸ்டேடியம், அகாடமி, கணக்கு வழக்கு. இது மட்டும் நியாயமான பேச்சு. அந்த விதிகளை எல்லோருக்கும் ஒன்றாக வைத்துவிட்டு, நிறைவேற்றினால் மேலே வரலாம் என்று ஒரு கதவையும் வைத்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். 2017-இல் கதவே இல்லை. ஒரு கிளப் லீக்கில் ஆடும் உரிமை முதன்மையாக விளையாட்டுத் தகுதியைப் பொறுத்தது என்று ஃபிஃபாவின் விதிகளிலேயே எழுதியிருக்கிறது. இங்கே 2010-இல் ரிலையன்ஸ்-ஐஎம்ஜியோடு 700 கோடிக்கு 15 வருஷ ஒப்பந்தம் போட்டபோதே அந்த வரி சாமி படத்துக்குப் பின்னால் போய்விட்டது.

இப்போது நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். வராமல் இருந்தால் யோக்கியம் இல்லை.

ஐஸ்வால் திரும்ப வந்த அதே 2016-17-இல் தமிழ்நாட்டிலிருந்து சென்னை சிட்டி எஃப்சி முதல் டிவிஷனுக்கு வந்தது. எப்படி? நேரடி நுழைவு. சிவாஜியன்ஸ் வந்த அதே வாசல். நாங்கள் யாரும் அப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘நம்ம ஊர் டீம்’ வந்துவிட்டது, ஐ-லீக் ஆட்டம், அதுவும் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் எல்லாம் நேரு ஸ்டேடியத்துக்கு வருகிறது, போதாதா? அவர்களுடைய முதல் பருவமும் கஷ்டமான பருவம்தான். நடுவில் கோச்சை மாற்றினார்கள், பட்டியலின் கீழ்ப் பகுதியிலேயே கிடந்தார்கள். ஆனால் இறங்கிவிடுவோமோ என்ற பயத்தில் ஒரு ராத்திரியும் தூக்கம் கெடவில்லை. அந்த நிம்மதியின் விலையை முந்தைய வருஷம் யாரோ கட்டியிருந்தார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவே இல்லை.

சரி, அந்த அவகாசத்தை வைத்து சென்னை சிட்டி என்ன செய்தது? 2018-19-இல் சாம்பியன் ஆனது. சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் கோச். ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல். கடைசி நாள், 2019 மார்ச் 9, கோவையில் மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கி, பிறகு 3-1 என்று ஜெயித்தார்கள். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம். ஆக, அவகாசம் கொடுத்தால் ஒரு புது அணி வளரும் என்பதற்குச் சென்னை சிட்டியே சாட்சி. என் வாதத்துக்கு எதிரான சாட்சி என்று இதை நீட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஐஸ்வாலுக்கும் அதே அவகாசம் வேண்டும் என்றுதானே ஆரம்பத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கு ஸ்டேடியத்திலிருந்து வெளியே வரும்போது என் கூட வந்த நண்பர் கேட்டார்: “அப்ப அடுத்த வருஷம் ஐஎஸ்எல்லா?”

“இல்ல. இதே ஐ-லீக்தான்.”

“சாம்பியன் ஆனாலுமா?”

“ஆனாலும்தான்.”

அவர் கால்பந்து அதிகம் பார்க்கிறவர் இல்லை. கொஞ்ச தூரம் பேசாமல் வந்துவிட்டு, “அப்ப ஜெயிச்சா என்ன கிடைக்கும்?” என்றார். எனக்கு ஐஸ்வால் ஞாபகம் வந்தது. இரண்டு வருஷம் முன்பு அந்தக் கேள்வி எங்கோ இருக்கிற ஒரு மலை ஊரின் பிரச்சினையாக இருந்தது. நம் வாசலுக்கு வந்ததும்தான் அது கேள்வியாகவே என் காதில் விழுந்தது. 2020-21-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் சென்னை சிட்டி இல்லை.

கதவு பிறகு திறந்தது. 2019-இல் ஆசியக் கூட்டமைப்பு உட்கார வைத்துப் பேசி ஒரு வழித்தடம் போட்டது. 2022-23-இன் ஐ-லீக் சாம்பியன் கட்டணமில்லாமல் ஐஎஸ்எல்லுக்குப் போகலாம். அப்படி முதலில் போனது பஞ்சாப். அடுத்து, 2024-25-இல், கொல்கத்தாவின் மொகமதன் ஸ்போர்ட்டிங். நூறு வருஷத்துக்கு மேல் பழைய கிளப். ஆனால் ஐஎஸ்எல்லுக்குப் புதுசு. முதல் பருவம் படு மோசம். சம்பள பாக்கி, பயிற்சிக்கு வர மறுத்த ஆட்டக்காரர்கள், பருவம் முடிவதற்குள் போய்விட்ட கோச். பட்டியலில் கடைசி இடம்.

அதே வழித்தடத்தின்படி 2024-25-இலிருந்து இறக்கமும் இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. மொகமதன் இறங்கவில்லை. ஒரு நண்பர் இதை எனக்கு அனுப்பி, “பார்த்தியா, உன் சின்ன கிளப்புக்கு இறக்கம் இல்லாததுதான் நல்லது” என்றார். இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. மொகமதன் தப்பித்ததில் எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இறக்கம் இல்லாத லீக்கில் ஒவ்வொரு வருஷமும் ஐ-லீக்கிலிருந்து ஒருவரை மேலே சேர்த்துக்கொண்டே எத்தனை வருஷம் போக முடியும்? ஒரு நாள் ‘போதும், இடமில்லை’ என்று கதவைச் சாத்துவார்கள். அன்றைக்கு வெளியே நிற்பது டாடாவாக இருக்காது. தவிர, இறங்கும் பயமில்லாதவன் சம்பளத்தை நேரத்துக்குக் கொடுப்பான் என்பதற்கும் ஒரு உத்தரவாதமும் இல்லை. அதையும் அந்தப் பருவமே காட்டிவிட்டது.

2025 ஜூலையில், ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிக்கவில்லை என்று சொல்லி ஐஎஸ்எல்லையே நிறுத்திவைத்தார்கள். 15 வருஷம் ‘நிலைத்தன்மை’ என்று பேசியவர்கள். அடுத்த மாதம், ஆகஸ்ட் 1 அன்று, இந்திய தேசிய அணிக்குப் புது கோச்சை அறிவித்தார்கள். காலித் ஜமீல். செய்திகளில் எல்லாம் ‘ஐஸ்வால் அதிசயத்தை நிகழ்த்தியவர்’ என்றே போட்டிருந்தது. ஒரு செய்தியிலாவது அந்த எட்டாவது இடம் வருகிறதா என்று தேடிப் பார்த்தேன். ‘முந்தைய ஆண்டு தகுதியிறக்கம் பெற்ற அணி’ என்று இருந்தது.